பதினேழாவது துண்டு

டண்டினோங், ஃபாஸ்டர் வீதி, யூலை மாதம்.
ஹீட்டரில் ஒரு கம்பி மட்டும் சிவக்கும் என் கடைக்கு
ஈரக் கோட்டோடு வந்திருந்தார் யோகரூபன்.
ஆஸ்பத்திரித் தரை துடைத்துச் சேர்ந்த
நீண்டசேவை லீவு, எட்டுக் கிழமையும் நாலு நாளும்.
பெற்றோல் பில்லின் பின்பக்கத்தில்
பென்சிலால் ஏழு ஊர்.
ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே டார்வின்.

"உலகத்தைச் சுத்துற ஒரே டிக்கெட் இருக்காம், தங்கச்சி."

இருக்கிறது.
கிழக்கே என்றால் கிழக்கேதான்,
தாண்டிய சமுத்திரத்தைத் திரும்பத் தாண்டக்கூடாது,
பதினாறு துண்டுக்குள் பூமி முடிந்துவிட வேண்டும்.

"எட்டு ஊர்தானே, பிறகென்ன?"

ஊரை யார் எண்ணுகிறார்கள்!
ஏறினால் ஒன்று, இறங்கி ஏறினால் இன்னொன்று.
வான்கூவரில் வெளியே மழையா வெயிலா என்றும் பாராமல்
அடுத்த வாசலுக்கு மூச்சிரைக்க ஓடினாலும் ஒரு துண்டு.
பத்து நாள் தங்கி, கணவாய்க்கறி வைத்து,
பழைய சண்டையைப் புதிதாகப் பிடித்து,
சமாதானமாகிப் புறப்பட்டாலும்
அதே ஒரு துண்டு.
எண்ணெய்க்காக நடுவில் இறங்கும் விமானம்
இலக்கம் மாறாவிட்டால் இறங்கவே இல்லை என்று கணக்கு.

ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு சொந்தமும் இல்லை அவருக்கு.
மூன்று தரம் வந்தது ஃபிராங்ஃபர்ட்.
கூட்டினேன்: பதினேழு.

"டொரொண்டோவிலயிருந்து பஃபலோவுக்கு பஸ்ஸில போறன்.
பறக்காததை எண்ணமாட்டியள்தானே?"

எண்ணுவோம்.
தரையில் போகிற இடைவெளிக்கும் ஒரு துண்டு கிழியும்.
விமான எண் இருக்காது, நேரம் இருக்காது,
இரண்டு ஊருக்கு நடுவே திரையில் ஒரு குறிச்சொல்.
அர்த்தம் கேட்டார்.
வந்த விதம் தெரியாது, என்றேன்.

கொஞ்ச நேரம் சிரித்தார்.
"இதை எனக்கு முதலே ஒரு ஃபைலில எழுதிப்போட்டினம்."

பிறகுதான் சொன்னார், கேட்காமலே.
மேடானில் ஒரு வீடு, எட்டுப் பேர், ஒரு சோற்றுப்பானை.
படகில் ஓரிடம்தான் என்று வந்த இரவு
தீப்பெட்டிக்குள் பெயர் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள்.
மற்ற ஏழு பேரையும் காகிதங்கள் பிறகு
ஒவ்வொரு குளிருக்கு அனுப்பின:
ஆக்லாந்து, கல்கரி, வின்னிபெக், டொரொண்டோ,
பஃபலோ, ஒஸ்லோ, ஹெல்சிங்கி.

"கல்கரியை வெட்டுங்கோ.
அவன் எனக்கு நூற்றைம்பது டொலர் தரவேணும்."

வெட்டினேன்.
கதவுவரை போனவர் குடையோடு திரும்பி வந்தார்.
"போடுங்கோ. காசைக் கேக்கவாவது போகவேணும்."

மறுபடி பதினேழு.
கடைக்கு வெளியே டிராக்டர் ஏற்றிய லொறி ஒன்று
திரும்ப முடியாமல் நெடுநேரம் முன்னும் பின்னும் போனது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்
டிக்கெட் எங்கே முடியவேண்டும் என்று கேட்டார்.

தொடங்கிய நாட்டுக்குள் முடிந்தால் போதும்.

"அப்ப டார்வினோட முடியுங்கோ."

டார்வினிலிருந்து இங்கே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
நடுவில் பாதி செம்மண்.

"அது டிக்கெட்டுக்கு வெளியில. அதையும் எண்ணுவியளோ?"

இல்லை என்றேன்.
அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் நல்ல பதில்.

டார்வினில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்,
படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லாதபோதும்.

"ஒருத்தரும் இல்லை.
ஒரு வேலி இருந்தது. இப்ப இருக்கோ தெரியாது.
இருந்தா, அதுக்கு வெளிப்பக்கம் நிண்டு பாக்கவேணும்."

அச்சியந்திரம் இரண்டு பக்கம் துப்பியது.
பதினாறு வரி. அதன் கீழே வெறுமை.
வரி, கட்டணம், எரிபொருள் மிகை எல்லாம் சரிபார்த்தார்,
பணத்தைக் காசோடு எண்ணி வைத்தார்.
பிறகு என் பென்சிலையே கேட்டு வாங்கி
பதினாறாவதுக்குக் கீழே
ஏதோ எழுதி மடித்துக்கொண்டு போனார்.

பென்சிலையும்.